கெண்டோ நாகசாகியின் முகமூடி போனது 1975-லா, 1977-லா?

ஜனவரி 6, காலை. வாசகர் கேள்வி

பிரிட்டிஷ் மல்யுத்தத்தின் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1975-லேயே பிக் டாடி என்ற மல்லர் டிவி கேமரா முன்னால், முகமூடி மல்லர் கெண்டோ நாகசாகியின் முகமூடியைக் கழற்றிவிட்டார். அப்புறம் 1977-ல் எதற்கு நெருப்பு மூட்டி, சடங்கு செய்து, அதே முகத்தை மறுபடி காட்டினார்கள்? முகமூடி ஒருமுறை போனால் போனதுதான் என்பது என் கட்சி. மெக்சிகோவில் அப்படித்தானே?

ஜனவரி 6, இரவு

இரண்டும் நடந்தவை. 1975 டிசம்பர், இங்கிலாந்தின் சோலிஹல்: பிடுங்கினார்கள். 1977 டிசம்பர் 20, வுல்வர்ஹாம்ப்டன் சிவிக் ஹால்: அவரே கொடுத்தார். முகம் ஒன்றுதான், ஆனால் பிடுங்குவதும் கொடுப்பதும் ஒன்றில்லை.

முகமூடி போட்டவர் தொழிலில் சேர்த்து வைக்கிற சொத்து என்று பார்த்தால் மூன்றுதான். தோற்காமல் இருந்த ஆண்டுகள், வாய் திறக்காமல் இருந்த ஆண்டுகள், ‘உள்ளே யார்’ என்ற கேள்வி. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைக்கிற காட்சி மல்யுத்தம் இது. சோலிஹலில் ஆட்டத்தை அமைத்தவர்கள் அந்தச் சொத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து பிக் டாடிக்குக் கொடுத்தார்கள். வுல்வர்ஹாம்ப்டனில் மிச்சம் மொத்தத்தையும் நாகசாகி தன் பெயரிலேயே எடுத்துக்கொண்டார்.

மெக்சிகோவை அளவுகோலாக வைக்க வேண்டாம். அங்கே முகமூடிப் பந்தயத்துக்கு எழுதின விதி உண்டு. பந்தயத்தில் தோற்றால் கழற்றி, பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் இருந்தது வழக்கம் மட்டும்: தோற்றால் கழற்றுவது.

ஜனவரி 7

கீழே ஒருவர் “ஜப்பான்காரர் எப்படி இங்கிலாந்தில்?” என்று கேட்டிருக்கிறார். ஜப்பான்காரர் இல்லை. பீட்டர் தார்ன்லி, இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கத்து ஆள், 1941-ல் பிறந்தவர். ஜூடோவிலிருந்து வந்தவர். விகன் ஊரில் பில்லி ரைலியின் மல்யுத்தக் கூடத்தில் பிடி பழகியவர். ‘பாம்புக் குழி’ என்று பெயர் வாங்கிய அந்தக் கூடத்திலிருந்துதான் பேர்போன மல்லர் பில்லி ராபின்சன் வந்தார். இன்னொரு பெரிய மல்லர் கார்ல் காட்ச் பழகியதும் அங்கேதான். அங்கே நிஜமாகவே மூட்டைத் திருகுவார்கள். ஆக, உள்ளே இருந்தவர் வேஷத்தை நம்பிப் பிழைத்தவர் அல்ல.

கெண்டோ என்பது ஜப்பானிய வாள்பயிற்சி. அதில் முகத்துக்குக் கம்பி வலை வைத்த கவசம் போடுவார்கள். நாகசாகியின் துணி முகமூடியில் ஓடுகிற பட்டைக் கோடுகள் அந்தக் கம்பிகளைக் காட்டத்தான். ரிங்குக்கு வரும்போது மேலே கவசம், கையில் வாள், பிறகு மூலைகளில் உப்பு வீசுதல். உப்பு வீசுவது சுமோவின் சுத்திச் சடங்கு. கெண்டோவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இரண்டையும் கலந்துவிட்டார்கள், மண்டபத்தில் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

அந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதல் ஆட்டம் 1964 நவம்பர், வில்லன்ஹால் பாத்ஸ், எதிராளி ஜிம் ஹஸ்ஸி. போர் முடிந்து 19 ஆண்டுதான். ஜப்பானியச் சிறைமுகாமிலிருந்து திரும்பியவர்கள் அந்த ஊர்களில் உயிரோடு இருந்த காலம். சயாம் மரண ரயில், அதாவது போரில் ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட பாதை, என்றால் மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். அதே பாதையில் செத்த பிரிட்டிஷ் கைதிகளின் குடும்பங்கள் இந்த மண்டபங்களில் உட்கார்ந்திருந்தன. அணுகுண்டு விழுந்த ஊரின் பெயரை ஒரு வில்லனுக்கு வைத்தது, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலேயே கூட்டத்தைக் கொதிக்க வைக்கிற வேலை. அந்தப் பெயர் வைத்ததை எனக்கு ஏற்க முடியவில்லை. ஆனால் அது ஏன் வேலை செய்தது என்பது புரிகிறது.

ஜனவரி 7, பிற்பகல்

‘பாத்ஸ்’ என்றால் என்ன என்று கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நகராட்சி நீச்சல்குளம். அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் குளத்துக்கு மேல் பலகைத் தளம் போட்டு மண்டபமாக்கிவிடுவார்கள். நடுவில் ரிங், சுற்றி நாற்காலி. 1955 நவம்பரில் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி முதன்முதலாக மல்யுத்தம் காட்டியதும் வெஸ்ட் ஹாம் பாத்ஸிலிருந்துதான். முகமூடிக்காரருக்கு அதில் ஒரு சங்கடம்: உடை மாற்றும் அறைக்கும் ரிங்குக்கும் நடுவே கூட்டத்துக்குள் நடந்தே போக வேண்டும். ஒரு கை நீண்டால் போதும், வேலை கெட்டது.

ஜனவரி 9

முகமூடியைப் பற்றிக் கொஞ்சம் தையல் கணக்கு. இது தெரியாமல் 1975 பதிவைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

நல்ல முகமூடி இழுபடும் துணியில், தலையோடு ஒட்டித் தைக்கப்படும். பின்மண்டையில் உச்சிக்குக் கீழிருந்து கழுத்து வரை ஒரு பிளவு, இரண்டு பக்கமும் துளைகள், ஷூ லேஸ் மாதிரி ஒரு கயிறு. பிளவுக்கு அடியில் ஒரு நாக்குத் துணி வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது முடி கயிற்றில் மாட்டும். கட்டுவது கீழிருந்து மேலே அல்ல, மேலிருந்து கீழே. முடிச்சு கழுத்தடியில் விழ வேண்டும், வால் உள்ளே செருக வேண்டும். முடிச்சு மேலே இருந்தால், கழுத்தைக் கவ்வுகிற முதல் பிடியிலேயே எதிராளியின் விரல் அதில் படும்.

தையல் ஓரம் வெளிப்பக்கம் இருப்பது நல்லது. உள்ளே இருந்தால் காதின் மேல் விளிம்பை அறுக்கும். ஹெட்லாக், அதாவது தலையைக் கைக்குள் இறுக்கும் பிடி, போடும்போது காது நசுங்குகிற இடமும் அதுவேதான்.

பெரிய சிக்கல் கண்துளை. பெரிதாக வெட்டினால் புருவமும் கன்னமும் தெரிந்து முகம் பாதி வெளியே வந்துவிடும். சிறிதாக வெட்டினால் பக்கவாட்டுப் பார்வை போய்விடும். தலையைத் திருப்பாமல் கயிறு எங்கே என்று தெரியாது. அதனால் பழக்கப்பட்ட முகமூடிக்காரர்கள் ரிங்கைக் காலால் அளப்பார்கள். பின்னங்காலால் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பதையும், ஒரு கையைக் கயிற்றில் உரசிக்கொண்டே நகர்வதையும் கவனியுங்கள். மிரட்டுகிற நடை மாதிரித் தோன்றும். பாதி அது கண் தெரியாத நடை.

ஹெட்லாக்கில் துணி ஓர் அங்குலம் சுழன்றால் துளை கன்னத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான், மொத்த இருட்டு. அந்த நேரத்தில் எதிராளி தூக்கி எறிந்தால் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பது விழுந்த பிறகுதான் தெரியும். கழுத்து போவது இப்படித்தான்.

அடுத்தது வியர்வை. காய்ந்த துணி வழியாக மூச்சு போகும். நனைந்த துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது அடைத்துக்கொள்ளும். மூன்றாவது ரவுண்டுக்கு மேல் முகமூடிக்காரர் எதிராளியை நீண்ட பிடியில் கட்டிப்போட்டுத் தரையிலேயே வைத்திருந்தால், உத்தி என்று மட்டும் எண்ண வேண்டாம், மூச்சு வாங்குகிறார்.

ஜனவரி 9, அதன் கீழேயே

முக்கியமானதை விட்டுவிட்டேன். முகமூடி போவதற்கு வழி இரண்டு. பின்னால் கயிற்றை அவிழ்த்து முன்னால் உருவுவது ஒன்று. தாடைக்குக் கீழே விரலை விட்டு மேலே சுருட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் கயிறு கட்டியபடியே இருக்கும், துணி மூக்கில் மாட்டும், அங்கே நின்றுவிடும். கூட்டம் எழுந்து நிற்க அந்த மூக்கு வரைக்குமான நான்கு அங்குலம் போதும். தாடை தெரிந்தது, வாய் தெரிந்தது, பிறகு கையால் இழுத்து மூடிக்கொண்டார். இதை வைத்தே பல மாதங்களுக்கு டிக்கெட் விற்கலாம், விற்றார்கள்.

முழுவதும் கழல வேண்டுமென்றால் கயிறு முன்னாலேயே தளர்ந்திருக்க வேண்டும்.

ஜனவரி 12

“பிரிட்டனில் அப்படி என்ன பெரிய விதிகள், எல்லாமே நாடகம்தானே” என்பவருக்கு: நாடகம்தான், ஆனால் நாடகத்துக்கு மேடையின் அளவு உண்டு. 1947-ல் அட்மிரல் மவுன்ட்எவன்ஸ் தலைமையில் ஒரு குழு விதி எழுதியது. ஒலிம்பிக் மல்யுத்த வீரராக இருந்த நார்மன் மாரல், எம்பி மாரிஸ் வெப் எல்லாம் அதில் இருந்தார்கள். ஐந்து நிமிட ரவுண்டுகள். ஜெயிக்க இரண்டு ஃபால் (தோளைத் தரையில் மூன்று எண்ணும் வரை அழுத்துவது), அல்லது இரண்டு சப்மிஷன் (பிடி தாங்காமல் ஒப்புக்கொள்ள வைப்பது), அல்லது ஒரு நாக்-அவுட் (எழ முடியாமல் விழவைப்பது).  இரண்டு பொது எச்சரிக்கை, மூன்றாவதில் வெளியே.

நம் விஷயத்துக்கு இதில் இரண்டு விதிகள் முக்கியம்.

ஒன்று, விழுந்தவரைத் தொடர்ந்து அடிக்கக் கூடாது. அவர் எழ 10 எண்ணும் வரை விலகி நிற்க வேண்டும். அமெரிக்க ஆட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாக இருக்கும். முகமூடிக்காரருக்கு இது வரம். விழுந்த பிறகு புரண்டு, முகத்தை விரிப்போடு வைத்து, கண்துளையைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது.

இரண்டு, ரவுண்டுக்கு நடுவில் மூலைக்குப் போகலாம். மூலையில் மேனேஜர் நிற்கிறார். அவர் தோளைப் பிடித்து விடுவதுபோல நின்று செய்வது என்ன? கழுத்தடி முடிச்சைப் பார்க்கிறார்.

ஜனவரி 13

மேனேஜர் என்றதும் நாகசாகியின் மேனேஜர் ஜார்ஜ் ஜில்லெட்டைச் சொல்லாமல் நகர முடியாது. ஜிகினா உடை, நீண்ட முடி, வாய் ஓயாத பேச்சு. நாகசாகி பொது இடத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று முடிவானபோது, பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. வாய் ஒருவரிடம், உடம்பு ஒருவரிடம் என்று பிரித்துக்கொண்டார்கள். கூட்டத்தின் எரிச்சலில் முக்கால் பங்கை ஜில்லெட் வாங்கிக்கொள்வார். நாகசாகி மிச்சத்தைப் பயமாக மாற்றுவார்.

பேசாமலிருப்பதைச் சும்மா பாவனை என்று தள்ள முடியாது. தன் சொந்த வட்டாரத்திலேயே ஆடுகிறவருக்குக் குரல்தான் முதல் ஆபத்து. ஸ்டோக் பேச்சை ஸ்டோக்காரன் இரண்டு சொல்லில் கண்டுபிடித்துவிடுவான். திருநெல்வேலிக்காரர் சென்னையில் பேசினால் நமக்குத் தெரியாதா?

ஜனவரி 15

ஜனவரி 6-ல் எழுதியதை வைத்து ஒருவர் நன்றாக மடக்கினார்: “தோற்காத ஆண்டுகள் சொத்து என்கிறீர்கள், அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது?” நியாயம். பார்ட்டெல்லியிடமிருந்து வந்தது.

கவுண்ட் பார்ட்டெல்லி, நிஜப்பெயர் ஜெஃப் காண்ட்லிஃப், க்ரூ ஊர்க்காரர். நாகசாகி வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே முகமூடியோடு ஆடியவர், தோற்காதவர் என்ற பெயர் அவருக்கும் இருந்தது. 1966 மார்ச்சில் ஹான்லியின் விக்டோரியா ஹாலில் முகமூடிக்கு முகமூடி. ஹான்லி, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டின் ஆறு ஊர்களில் ஒன்று; க்ரூ பக்கத்திலேயே இருக்கிறது. ஆக இரண்டு பேரும் அக்கம்பக்கத்து ஆட்கள், அந்தக் கூட்டத்துக்கு முன்னால், முகம் தெரியாமல். நாகசாகி ஜெயித்தார், பார்ட்டெல்லியின் முகம் வெளியே வந்தது.

ஒரே இரவில் அத்தனை ஆண்டுச் சேமிப்பும் பதினாறு மாதம்கூட ஆகாத ஒரு புது ஆளின் கணக்குக்கு மாறியது. பழைய முகமூடி இடம் கொடுக்காமல் புது முகமூடி எழுவது கஷ்டம். தாரா சிங்கைக் கிங்காங்கோடு மோதவிட்டுக் கொட்டகை நிறைத்த காலத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. ஒரு பெயரைக் கட்ட இன்னொரு பெயர் வேண்டும்.

கேள்வி கேட்டவரின் “போனால் போனதுதான்” கட்சிக்கு இங்கேதான் பெரிய ஓட்டை. முகம் வெளியான பிறகு பார்ட்டெல்லி வீட்டுக்குப் போகவில்லை. அதே பெயரில், வெறும் முகத்தோடு, 1986 வரை ஆடினார். இன்னும் இருபது ஆண்டு.

ஜனவரி 15, இரவு

மேலே எழுதும்போது, முகமூடி என்றாலே வில்லன் என்பது மாதிரியான தொனி என் குறிப்புகளில் வந்துவிட்டது. அது தவறு. பார்ட்டெல்லி கூட்டம் மதித்தவர். பிரான்ஸில் இன்னும் தெளிவு: 1959-ல் வந்த லாஞ்ச் பிளாங், அதாவது வெள்ளைத் தேவதூதர், தலை முதல் கால் வரை வெள்ளை, கூட்டத்தின் செல்லப்பிள்ளை. உள்ளே இருந்தவர் ஸ்பெயின்காரர். அவருக்கு எதிராக ‘பெத்யூன் ஊரின் மரணதண்டனைக்காரர்’ என்ற முகமூடி. நல்ல முகமூடி, கெட்ட முகமூடி என்று ஜோடி சேர்த்துவிட்டார்கள். வர்ணனையாளர் ரோஜெ கூடெர்க்கின் குரலோடு பிரெஞ்சு டிவியில் வந்தபோது, கறுப்பு வெள்ளைத் திரைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

லண்டனில் அந்தத் தேவதூதரின் நகலாக ஒரு வெள்ளைத் தேவதூதர் வந்தார், அவர் ஜூடோ அல் ஹேஸ். எதிரே டாக்டர் டெத் என்ற கறுப்பு முகமூடி. அதற்குள் இருந்தவர் அந்த ஆட்டங்களை நடத்திய முதலாளியே: பால் லிங்கன், ஆஸ்திரேலியர், சோஹோவில் 2ஐஸ் காபி பாரை நடத்தியவர். 1950களின் லண்டன் ராக் அண்ட் ரோல் பாடகர்கள் கிளம்பிய இடம் அந்தக் காபி பாரின் நிலவறை.

முதலாளியே முகமூடிக்குள் இருந்தால் ஒரு வசதி: ரகசியம் தெரிந்தவர் எண்ணிக்கை குறையும், சம்பளத் தகராறில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஜனவரி 16

மெக்சிகோதான் முகமூடிக்குத் தாய்வீடு என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. 1867, பாரிஸ், ரூ ல பெலெத்தியே வீதியின் ஆட்டக்கூடம். தியோபோ பாயர் என்பவர் ‘முகமூடி மல்லர்’ என்று இறங்கினார். நியூயார்க்கின் முகமூடி 1915-ல், மெக்சிகோவின் எல் சாந்தோ அந்த உடையில் 1942-ல். ஐரோப்பாவில் பிறந்து, கடல் கடந்து போய், பெரிய வாழ்க்கை வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்த சரக்கு இது.

ஜனவரி 20

ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்தை விட்டுவிட்டீர்கள் என்றவருக்கு. அந்தக் காலத்தில் பிரிட்டனில் தினம் ஒரு ஊர். இன்று வில்லன்ஹால், நாளை ஹான்லி. முகமூடிக்காரருக்கு அது பாதுகாப்பு, யாரும் இரண்டு நாள் தொடர்ந்து பார்ப்பதில்லை. வியன்னாவின் ஹாய்மார்க்ட், ஹனோவர், பிரெமன், கிராட்ஸ் எல்லாம் வேறு முறை: ஒரே ஊரில், ஒரே இடத்தில், வாரக்கணக்கில் தினமும் நடந்த போட்டித்தொடர். ஒவ்வொரு இரவும் ஆட்டத்துக்கு முன் எல்லா வீரர்களும் வரிசையாக ரிங்குக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது.

இதில் முகமூடியைக் காப்பாற்றுவது பாடு. ஒரே ஊரில் வாரக்கணக்கில் தங்குகிறார். எங்கே சாப்பிடுகிறார், எந்தக் கதவால் போகிறார், யாரோடு போகிறார் என்று முதல் வரிசைக்காரர்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே முகமூடியை மாட்ட வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. மற்ற வீரர்களோடு ஒரே விடுதியில் தங்கக் கூடாது. துணிக்கும் ஓய்வு கிடையாது: தினமும் ஆட்டம் என்றால் குறைந்தது மூன்று முகமூடி வேண்டும். ஒன்று தலையில், ஒன்று பையில், ஒன்று கொடியில் காய்கிறது. உப்பு வியர்வையில் காய்ந்த துணி விறைத்துத் தையலில் கிழியும். குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் போட வேண்டும். வெயிலில் போட்டால் கறுப்பு வெளுக்கும், டிவி விளக்கில் அது பழுப்பாகத் தெரியும்.

ஜனவரி 21

சரி, சோலிஹல்.

1975 என்ற ஆண்டை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். பிக் டாடி என்பவர் ஷெர்லி கிராப்ட்ரீ, ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர், 64 அங்குல மார்பு. அந்தச் சமயம் வரை அவர் வில்லன் பக்கம்தான் நின்றார். கூட்டத்துக்கு நல்லவராக, அந்தத் தொழிலின் மொழியில் ‘ப்ளூ ஐ’ ஆக, மாறிக்கொண்டிருந்த காலம். ஆட்டங்களை அமைக்கும் வேலை அவர் தம்பி மாக்ஸ் கிராப்ட்ரீ கைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு வில்லனை ஒரே மாலையில் நல்லவராக்க என்ன வழி? எல்லோரும் பதினோரு ஆண்டாகச் செய்ய ஆசைப்பட்ட ஒன்றை அவரைச் செய்ய வைக்க வேண்டும். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் நாகசாகியின் முகமூடியைப் பிடுங்க ஆசை. பிக் டாடி பிடுங்கினார். அடுத்த பத்தாண்டு அவர்தான் நாட்டின் செல்லம்.

அதனால்தான் முதல் நாளே சொன்னேன், அன்று செலவானது நாகசாகியின் சேமிப்பு, லாபம் இன்னொருவருக்கு. இது குறையில்லை. தொழிலில் ஒருவர் உயர இன்னொருவர் குனிய வேண்டும், 1966-ல் பார்ட்டெல்லி குனிந்ததுபோல. ஆனால் பார்ட்டெல்லிக்கு அது தன் ஆட்டத்தின் முடிவில், முறைப்படி நடந்தது. சோலிஹலில் பிடுங்கல், அவ்வளவுதான்.

ஜனவரி 22

வுல்வர்ஹாம்ப்டன், 1977 டிசம்பர் 20, செவ்வாய்க்கிழமை.

அந்த இரவுக்கு எதிராளியே தேவையில்லை, அதுதான் அதன் விசேஷம். தோற்கவில்லை, யாரும் பிடுங்கவில்லை. சடங்குப் பரிவாரம், பேச ஜில்லெட், மைக்கில் ஐடிவி வர்ணனையாளர் கெண்ட் வால்டன். முகமூடி கழன்றதும் தெரிந்தது: மழித்த தலை, உச்சியில் பச்சை குத்திய உருவம், பின்னால் ஒரு நீண்ட சடை, சிவந்த கண்கள். சிவப்பு என்றால் கான்டாக்ட் லென்ஸ். முகமூடி நெருப்புக்குப் போனது.

இதில் யோசனையாகச் செய்த விஷயம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு ஆச்சரியம். ‘உள்ளே யார்?’ என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பீட்டர் என்று ஒரு ஸ்டோக்காரர், சரி, வீட்டுக்குப் போகலாம். அவர்கள் காட்டியது ஒரு மனிதரின் முகத்தை அல்ல. முகமூடிக்குக் கீழே இன்னொரு முகமூடி: பச்சை, சடை, சிவப்புக் கண். கேள்வி தீராமல் அப்படியே நின்றது.

அந்தத் தலைப்பச்சை ஒட்டியதோ வரைந்ததோ இல்லை, நிஜமாகக் குத்தியது. ஓர் இரவுக்காக வாழ்நாள் முழுக்கத் தலையில் சுமக்க ஒப்புக்கொண்ட ஆள்.

ஜனவரி 22, திருத்தம்

மேலே ‘அவரே கொடுத்தார்’ என்பதால் அதோடு கடை மூடியது என்று சிலர் புரிந்துகொண்டார்கள். அவசரப்பட வேண்டாம். வெறும் முகத்தோடு சில காலம் ஆடி 1978-ல் விலகினார். 1980களின் பிற்பகுதியில் மறுபடி முகமூடியோடு டிவியில் வந்தார். எரித்த முகமூடி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. ஆகவே 1975-ம் முடிவல்ல, 1977-ம் முடிவல்ல.

அந்த இரண்டாவது சுற்றில் ஓர் ஆட்டம் நம் ஊர் டபிள்யூடபிள்யூஇ ரசிகர்களுக்குப் பிடிக்கும். எதிரே இரண்டு இளைஞர்கள், ராபி புரூக்சைடும் ஸ்டீவ் ரீகலும். ரீகல் யார் என்றால் பிற்பாடு வில்லியம் ரீகல். நாகசாகி கண்ணாலேயே புரூக்சைடை மயக்கி, சொந்தக் கூட்டாளி மேலேயே பாய வைத்தார். முகமூடியில் வெளியே தெரிவது கண் மட்டும். அந்தக் கண்ணையே ஆயுதமாக்கிவிட்டார்கள்.

ஜனவரி 24

காமிகாஸி க்ராஷ் பற்றி இரண்டு கேள்வி. நாகசாகி ஆட்டத்தை முடிக்கும் பிடி அது. எதிராளியை மூட்டை தூக்குவதுபோல இரு தோளுக்கும் குறுக்கே போடுவார், ஒரு கை காலிடுக்கில், ஒரு கை எதிராளியின் மணிக்கட்டில். பிறகு நின்றபடி கீழே போடாமல், தானே முன்னால் கரணம் அடிப்பார். எதிராளி முதுகு விரிப்பில், அவர் மேல் நாகசாகியின் மொத்த எடை.

ஆபத்து எங்கே என்றால், தலைகீழாகும் கணத்தில் தூக்கியவரின் தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் இரண்டு பேர் எடையும் அவர் கழுத்தில். மேலே இருப்பவர் பிடிபடாத கையை விரித்து விரிப்பை அறைய வேண்டும், அடி பரவ. கையை மடக்கிக் கீழே ஊன்றினால் தோள்மூட்டு கழலும். முகமூடிக்காரருக்குக் கூடுதலாக ஒன்று: கரணத்தில் துணி விரிப்போடு உரசித் திரும்பும். அதனால் இந்தப் பிடியை ஆட்டத்தின் கடைசிக்கு வைத்தது சரி. அதற்குப் பிறகு கண் தெரிய வேண்டிய அவசியமில்லை, மேலே கிடந்தால் போதும், ரெஃப்ரி மூன்று எண்ணுவார்.

ஜனவரி 27

போலிகள். முகமூடியின் நிரந்தரத் தலைவலி இது. முகம் இல்லாத பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனிலேயே கிங் கெண்டோ என்று ஒருவர் இதே சாயலில் ஆடினார். அமெரிக்காவில் 1980களில் கெண்டோ நாகசாகி என்றே ஒருவர், அவர் நிஜ ஜப்பானியர், கசுவோ சகுராடா. முகமூடி கிடையாது, முகத்தில் சாயம். “அமெரிக்க ஆட்டத்தில் பார்த்தேனே” என்று எழுதியவர் பார்த்தது அவரை. இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிப் பட்டியல் போட்டவர்கள் உண்டு, நம்ப வேண்டாம்.

ஜனவரி 27, சற்று நேரம் கழித்து

பீட்டர் பிளேக் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பர் அட்டைப்படம் செய்த அதே ஓவியர். நாகசாகியை அவர் வரைந்தார், பிபிசி அதை 1992-ல் ஆவணப்படமாகக் காட்டியது. முகமே தெரியாதவரின் முகப்படம்! வரைவதற்கு அவர் முகமூடியோடுதான் உட்கார்ந்தார். ஜில்லெட் அதற்குள் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்த மேனேஜர் லாய்ட் ரையன், தொழிலால் டிரம்மர்.

பிப்ரவரி 2

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, “அப்படியானால் முகமூடி எப்போதுதான் போனது?” என்கிறார்.

2018-ல் தன் வாழ்க்கையை நூலாகத் தன் சொந்தப் பெயரோடு வெளியிட்டாரே, அதைச் சொல்வேன். முகம் 1975-ல் வந்தது, 1977-ல் வந்தது. குரலும் பெயரும் சேர்ந்து வந்தது அப்போதுதான். முதல் ஆட்டத்திலிருந்து 54 ஆண்டு.

பிப்ரவரி 3

ஒரு சின்னது. பழைய பதிவில் இருப்பது உண்மையான நாகசாகியா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒருவர். முகமூடியின் கோடுகளை நம்ப வேண்டாம், அதை எந்தத் தையல்காரரும் தைப்பார். பதிவை நிறுத்தி, அவர் எதிராளியின் மணிக்கட்டைப் பிடிக்கும் இடத்துக்குப் போங்கள். தார்ன்லி இளவயதில் தொழிற்சாலை விபத்தில் விரல் இழந்தவர். கையைப் பாருங்கள், ஆள்காட்டி விரல் நுனி இருக்காது.